வயதைக் கேட்காதீர்கள், சேஸைத் தட்டிப் பாருங்கள்

2010-இல் ஒரே மாதத்தில், ஒரே மாதிரியான இரண்டு மினி லாரிகளை எங்கள் குடும்பத்தில் எடுத்தோம். ஊரில் எல்லாரும் குட்டியானை என்று சொல்கிற வண்டிதான். ஒன்று என் வீட்டுக்காரர் பேரில், இன்னொன்று மண்டபத்தில் இருக்கும் என் கொழுந்தனார் பேரில். இரண்டுமே டி.என். 65. எங்கள் வண்டி பரமக்குடியில் நின்று, முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மிளகாய் மூட்டையும், வைகைக்கு அக்கரையில் எமனேசுவரம் தறிக்காரர்களுக்கு நூல் கட்டும் ஏற்றியது. கொழுந்தனார் வண்டி கடற்கரையில் மீன் பெட்டி ஏற்றியது.

பதினோராவது வருடம் கொழுந்தனார் வண்டி காயலான் கடையில் எடைக்குப் போனது. எங்கள் வண்டி பதினைந்தைத் தாண்டி இன்றும் வருடாவருடம் எஃப்.சி. வாங்கி ஓடுகிறது.

பழைய வண்டியை ரிப்பேர் பார்த்து ஓட்டுவதா, கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதா என்று யாராவது கேட்டால், நான் முதலில் அந்த இரண்டு வண்டிகளையும்தான் சொல்வேன். ஒரே வயது, ஒரே தயாரிப்பு, ஒரே நெடுஞ்சாலை. ஒன்றை வெட்டிப் போட்டது சரி. இன்னொன்றையும் அப்படிச் செய்திருந்தால் அது பெரிய நஷ்டம். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர், கணக்கு எழுதுவது நான். அந்தக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்: வண்டியின் தலையெழுத்தை அதன் வயது தீர்மானிக்கக் கூடாது. அரசாங்கம் கட்டணம் போடும்போதும் கூடாது, நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போதும் கூடாது.

மீன் வண்டி ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது? ஐஸ் உருகி, மீன் கழுநீரோடும் உப்போடும் கலந்து, தொட்டித் தகரத்தின் இடுக்கு வழியாகக் கீழே சேஸில் இறங்கும். சேஸ் என்பது பார்வைக்கு ஒரு கட்டியான இரும்புச் சட்டம். ஆனால் பல இடங்களில் உள்ளே கூடாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டுக்குள் போன உப்புத் தண்ணீர் காயவே காயாது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கொழுந்தனார் சோம்பேறி இல்லை. லோடு இறக்கியதும் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். கழுவியது போர் தண்ணீரில். எங்கள் மாவட்டத்தில் முக்கால்வாசி இடத்தில் போர் தண்ணீர் என்ன ருசி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதுதான் நடந்தது. ரேடியேட்டரிலும் அதே தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். உள்ளே படிந்து, ட்யூப் அடைத்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போகும். அப்புறம் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஒருநாள் பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து மெக்கானிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பின் அச்சின் பட்டை சேஸோடு சேரும் இடத்துக்கு வந்ததும் சத்தமே இல்லை. கொழுந்தனார் அங்கிருந்தே எனக்கு ஃபோன் போட்டார். “மதினி, சுத்தியல் உள்ள போயிருச்சு. வெல்டிங் வச்சா ஓடும்ங்கிறாரு. என்ன செய்யட்டும்?” என்றார். வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னேன். வெல்டிங் வைத்தால் ஓடும்தான். ஆனால் மீன் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேகமாக வருகிற வண்டியில் அந்த இடம் விட்டுப்போனால், எதிரே டூவீலரில் வருகிறவன் நம் வீட்டு ஆள் இல்லை என்பதற்காக நமக்குப் பாவம் குறைந்துவிடாது. இன்ஜின் போனால் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம், கேபின் தகரம் போனால் ஒட்டுப் போடலாம். சேஸ் போனால் வண்டி போச்சு. பிரேக் லைனும் ஸ்டியரிங்கும் அப்படித்தான், அங்கே மிச்சம் பிடிக்கிற பேச்சே கூடாது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரிய சாட்சி ஒன்று கடலில் நிற்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அது சிதைந்தபோது யாரும் ஐம்பது வயதாகிவிட்டது, விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். பிறகு அகலப் பாதைக்காகப் பலப்படுத்தி 2007-இல் மறுபடி ரயில் ஓடியது. உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்க அங்கே பராமரிப்பு வேலை ஓய்ந்ததே இல்லை. 2018 டிசம்பரில் கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பகுதியில் விரிசல் தெரிந்தது. சில மாதம் ரயிலை நிறுத்திச் சரிசெய்து மறுபடி விட்டார்கள். 2022 டிசம்பரில் மறுபடி அதே தூக்குப் பகுதியில் கோளாறு என்று தெரிந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பழைய பாலத்தில் ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தாயிற்று. செங்குத்தாக மேலே எழும் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், கடல் காற்றுக்கென்றே தனிப் பூச்சு.

அந்தப் பாலத்தை 1964-லேயே கைவிட்டிருந்தால் ஒரு தலைமுறைக்கு ராமேசுவரத்துக்கு ரயிலே இருந்திருக்காது. சாலைப் பாலம் வந்ததே 1988-இல்தானே. 2022-க்குப் பிறகும் பிடிவாதமாக ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இரண்டு முடிவுகளும் சரி. இரண்டிலும் இரும்பைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள், பிறந்த வருடத்தைப் பார்த்து அல்ல.

இனி பணக் கணக்கு. எங்கள் வண்டிக்கு இப்போது இன்ஜின் போர் வேலை வந்திருக்கிறது. ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. போர், பிஸ்டன், ரிங், கிளட்ச், பின் பட்டைகள், கேபினில் கொஞ்சம் டிங்கரிங் எல்லாம் சேர்த்து பட்டறையில் 85,000 ரூபாய் சொல்கிறார்கள். வண்டியை இப்படியே கொடுத்தால் ஒரு லட்சம் போகும். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, “லட்ச ரூபா வண்டிக்கு யாராச்சும் எண்பத்தஞ்சாயிரம் செலவழிப்பாங்களா?” பாதி விலைக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு வண்டி வாங்கி விற்கிறவருக்குச் சரி. ஓட்டிப் பிழைக்கிறவருக்குச் சரியில்லை. நான் வண்டியை விற்கப் போவதில்லை என்றால் அதன் சந்தை விலை எனக்கு எதற்கு? எனக்குத் தெரிய வேண்டியது, ஒரு மாதம் லோடு அடிக்க எந்த வழியில் எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான்.

புது வண்டி விலை இறங்கியிருப்பது உண்மை. 2025 ஜூனில் டாடா ஏஸ் புரோ 3.99 லட்சம் தொடக்க விலையில், 750 கிலோ ஏற்றும் வண்டியாக வந்தது. செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி.யும் 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. எங்கள் லோடுக்கு ஏற்றதை எடுத்து, வரி, இன்சூரன்ஸ், தார்ப்பாய்ச் சட்டம் எல்லாம் போட்டு ரோட்டில் இறக்கினால் ஐந்து லட்சத்தை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்கிறேன். பழையதைக் கொடுத்த ஒரு லட்சத்தை முன்பணமாகக் கட்டி, நாலு லட்சத்தைப் பன்னிரண்டு சதவீத வட்டியில் நாலு வருடத்துக்கு எடுத்தால் மாதம் 10,500 ரூபாய் டியூ. ரிப்பேர் பார்த்தால்? 85,000 ரூபாய் வேலை இரண்டு வருடம் தாங்கும் என்று குறைத்தே வைத்தாலும் மாதத்துக்கு 3,500 ரூபாய். அவ்வப்போது வரும் சில்லறை வேலைக்கும் பழைய வண்டிக்கான கூடுதல் கட்டணங்களுக்கும் 2,500 சேர்த்தால் 6,000. இடைவெளி மாதம் 4,500.

இதோடு நிறுத்தினால் நான் கணக்கை எனக்குச் சாதகமாக மடக்கியவள் ஆவேன். நாலு வருடம் கழித்துப் புது வண்டி நம் கையில் நிற்கும். அதற்கு இரண்டு லட்சம் விலை இருந்தால், அதை 48 மாதத்துக்குப் பங்கிட்டால் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனாலும் என் முடிவு மாறவில்லை. காரணம் எங்கள் ஊரின் பருவம். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேர் பெரிதாகிவிட்டது. செடி மட்டும் இன்னும் மழையை நம்பித்தான் இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மாசியிலிருந்து சித்திரை வரை பழம் வரும். அந்த மாதங்களில் வண்டிக்கு ஓய்வே இருக்காது. அடைமழை மாதங்களில் நூல் கட்டைத் தவிர லோடு கிடையாது. டியூவுக்கு மாசியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். ரிப்பேரை நான் என் வசதிக்கு ஒரு மாதம் தள்ளலாம், பட்டறையில் பாதிப் பணம் இப்போது, மீதி மகசூலில் என்று பேசலாம். பைனான்ஸ்காரரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. இந்த ஊரில் வண்டி சீஸ் ஆன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஓட்டத் தெரியாமலோ உழைக்காமலோ அவர்கள் வண்டி போகவில்லை. மழைக்காலத்து மூன்று தவணைதான் அவர்களை வீழ்த்தியது.

மாதம் முழுக்க ஒரே சீராக லோடு உள்ளவருக்கு, உதாரணமாகப் பால் ஏற்றுகிறவருக்கு, என் கணக்கு பொருந்தாது. அவர் தாராளமாகப் புதுசு எடுக்கலாம். எனக்கும் ஒரு எல்லை உண்டு. சீசனில் ஒரு நாள் ஓட்டத்தில் செலவு போக 1,200 ரூபாய் கையில் நிற்கும். வண்டி மாதத்தில் நாலு நாள் பட்டறையில் நின்றால் அந்த 4,500 ரூபாய் மிச்சம் போய்விடும். அதற்கு மேல் நின்றால் பணத்தோடு வாடிக்கையும் போகும். மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கும் சம்சாரி ஒரு தடவை பொறுப்பார், இரண்டாம் தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவார். அதனால் வண்டி ஓடாமல் நின்ற நாட்களை நோட்டில் தனியாகக் குறித்துவருகிறேன். அந்த எண் ஏறினால் வண்டியின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் கொடுத்துவிடுவோம்.

இப்போது அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

2021 ஆகஸ்டில் பழைய வண்டிகளைத் தாமாக முன்வந்து அழிக்கும் கொள்கையை மத்திய அரசு அறிவித்தது. பதிவு பெற்ற மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, மாநிலங்கள் விரும்பினால் வரியில் சலுகை. நல்லதுதான். கொழுந்தனார் வண்டி மாதிரியானவற்றை அங்கேதான் அனுப்ப வேண்டும். ஆனால் அதோடு சேர்த்து, கொடுக்காதவர்களுக்குக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 2022 ஏப்ரலிலிருந்து 15 வருடம் கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆனது. பைக்குக்கு 300-லிருந்து 1,000. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு இரட்டித்தார்கள்: காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. எங்களைப் போன்ற சரக்கு வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணத்திலும் 2025 நவம்பரில் பத்து வருடத்திலிருந்தே வயதுப் படிகள் வைத்துவிட்டார்கள். சேஸ் உளுத்த வண்டிக்கும் உரசல்கூட இல்லாத வண்டிக்கும் ஒரே கட்டணம், வயது ஒன்று என்பதால். ஒழுங்காகப் பராமரித்தவருக்கு இதில் என்ன மரியாதை?

டெல்லியில் இந்த வயதுக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். டீசலுக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே உறுதிசெய்த தடை. 2025 ஜூலை 1 முதல் வயதான வண்டிகளுக்குப் பங்கில் எண்ணெய் போடக் கூடாது என்றார்கள். சில நாளிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. ஆகஸ்டில் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 புகைத் தரத்துக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் மட்டுமே என்று திருத்தியது. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்காரர்கள் மறுபடி தவிப்பில்தான் இருக்கிறார்கள். டெல்லிக் காற்றுக்கு அது தேவை என்றால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனாலும் பேச்சு வயதிலிருந்து புகையின் தரத்துக்கு நகர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு வண்டியும் உண்மையில் எவ்வளவு புகை விடுகிறது என்பதற்கு நகர வேண்டும்.

இங்கிலாந்தில் கார் மூன்று வருடம் கடந்ததும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். வயதானதற்காக யாரும் தள்ளிவிடுவதில்லை. ஆனால் சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இரும்பைப் பலவீனமாக்கும் அளவு துரு இருந்தால் தேறாது. இப்படி ஒரு விதியைத்தான் நான் கேட்கிறேன். நம் ஊரில் எஃப்.சி. வேலை என்றால் என்ன? பெயிண்ட் அடிப்பது, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது, லைட் எரிகிறதா பார்ப்பது. துருவின் மேல் பட்டி போட்டு மறைத்து அதற்கு மேல் பெயிண்ட் அடித்தால் யாருக்குத் தெரியும்? அடியில் படுத்துத் தட்டிப் பார்க்கட்டும். கடற்கரை மாவட்டங்களில் சேஸ் சோதனையைத் தனியாகவே வைக்கட்டும். தேறாத வண்டியை அன்றே நிறுத்தட்டும், எங்களுடையதாக இருந்தாலும் சரி. தேறிய வண்டிக்கு வயதுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யட்டும். தானியங்கிச் சோதனை மையங்கள் வருகின்றன என்கிறார்கள். பரமக்குடிக்காரரோ சாயல்குடிக்காரரோ ஒரு நாள் கூலியை விடாமல் போய்வரும் தூரத்தில் அவை வர வேண்டும்.

வண்டியின் எந்தப் பகுதி நல்லது, எந்தப் பகுதி போனது என்று பிரித்துப் பார்ப்பது அரசாங்கத்துக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் கொடியசைத்து விட்ட மஞ்சள் நிறப் பேருந்துகள் நினைவிருக்கும். அவை புதுசு இல்லை. ஓடிக்கொண்டிருந்த பேருந்துகளில் சேஸும் இன்ஜினும் நன்றாக இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, மேலே புதுக் கூண்டு கட்டியவை. தன் பேருந்துக்கு அரசு பார்த்த அதே கணக்கைத்தான் எங்கள் வண்டிக்கும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது பட்டறைக்காரர்களைப் பற்றியது. எங்கள் வண்டி பதினைந்து வருடம் தாண்டியது எங்கள் ஊர் மெக்கானிக்கின் காதாலும் கையாலும்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே “அக்கா, நாலு நாள் தாங்கும், லோடு முடிச்சுட்டு வாங்க” என்று சொல்லத் தெரிந்தவர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகள் அவர் கைக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சென்சார், கம்ப்யூட்டர், அதைப் படிக்க ஸ்கேனர். புகை குறைந்திருக்கிறது, அது நமக்கு நல்லது. ஆனால் ஒரு லைட் எரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும் என்றால், புது வண்டி எடுப்பவரும் பத்து வருடம் கழித்து என் நிலைமைக்கு வரும்போது ரிப்பேர் என்ற வழியே அவருக்கு இருக்காது. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ஒரு தளம் தொடங்கியது. மோட்டார் வண்டிகளும் அதில் சேர்த்திதான். கம்பெனிகள் கையேட்டையும் உதிரிபாக விவரத்தையும் அங்கே போட வேண்டும் என்பது நோக்கம். அது எங்கள் தெருப் பட்டறைக்குத் தமிழில் வந்து சேர வேண்டும். பரமக்குடி அரசு ஐ.டி.ஐ.யில் வேலையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு மாலை நேரத்தில் ஸ்கேனர் பயிற்சி கொடுக்கலாம். ஒரு ஸ்கேனரை நாலு பட்டறை சேர்ந்து வாங்கக் கூட்டுறவுக் கடன் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை.

கொழுந்தனார் பிறகு எடுத்த வண்டிக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து யோசித்து ஒரு வேலை செய்தோம். தொட்டிக்குள் ஃபைபர் ஷீட் ஒட்டி, ஓரத்தில் துளை போட்டு, மீன் தண்ணீர் சேஸைத் தொடாமல் குழாய் வழியாகத் தொட்டிக்குப் பின்னால் கட்டிய கேனில் இறங்கும்படி செய்தோம். கழுவுவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரில், அது வராத நாளில் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. வருடம் ஒருமுறை சேஸ் கூட்டுக்குள் ஆயில் அடிக்கிறோம். மீன் ஏற்றும் யாரும் இதைச் செய்துகொள்ளலாம், ஐயாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கள் வண்டியின் போர் வேலைக்குப் பட்டறையில் முன்பணம் கொடுத்தாயிற்று. இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் சேஸை முழுக்கத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு இடத்தில் சத்தம் மாறினாலும் அந்த 85,000 ரூபாயைப் போடமாட்டோம். மாறாவிட்டால் மாசி பிறப்பதற்குள் வண்டி ரெடியாகிவிடும், முதல் பறிப்புக்குக் கமுதிப் பக்கம் ஆட்கள் இப்போதே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.